மேடை வளர்த்த நடிகர்



மன்னர்களின் வரலாறு கல்வெட்டில் நிற்கிறது. புலவர்களின் வரலாறு ஓலைச் சுவடியில் நிற்கிறது. ஆனால் நாடகக்காரர்களின் வரலாறு எங்கே நிற்கிறது? ஒரு மாதம் ஓர் ஊரில் கொட்டகை போட்டு ஆடுவார்கள். பின்னர்க் கீற்றைப் பிரித்து, திரைகளைச் சுருட்டி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். கொட்டகை நின்ற இடத்தில் நான்கு குழிகளே மிஞ்சும். அத்தகைய கொட்டகை ஒன்றில் வளர்ந்து, உலகம் அறிந்த கலைஞராக உயர்ந்த ஒருவரின் வரலாற்றை இன்று நாம் சிந்திக்க இருக்கிறோம். அவர்தாம் நடிகர் சிவாஜி கணேசன்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைத் தோல் தொழிலின் ஊர்கள் என்றே உலகம் அறியும். நம் ஊர்களுக்கும் நாடகத்துக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு; சிறிய தொடர்பும் அன்று. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமாகிய 'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். சிவாஜி கணேசனைத் திரையுலகுக்குக் கொண்டுவந்து சேர்த்த பி. ஏ. பெருமாள் முதலியாரும் வேலூர்ப் பகுதியினரே. அவர் கணேசனைக் கண்டெடுத்ததும் வேலூர் நாடக மேடையில்தான். ஆகவே இஃது எங்கோ நடந்த கதையன்று. நம் பக்கத்துக் கதையே.

கணேசனைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின், அவரை உருவாக்கிய 'பாய்ஸ் கம்பெனி' என்னும் அமைப்பை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். நாடகத் தமிழின் பேராசானாகிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) முதலில் பெரியவர்களைக் கொண்டே நாடகம் நடத்தினார். மேடையில் எழுதிய பாடத்தை விட்டுவிட்டு நடிகர்கள் தம் மனம்போனபடி பேசி வாதிடும் பழக்கம் அக்காலத்தில் மிகுந்திருந்தது. சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தால் பாடம் பிழையாமல் நிற்கும் என்று கருதி, 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைச் சுவாமிகள் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அதில் பயின்றவர்களே. இவ்வாறு பல சிறுவர் குழுக்கள் தோன்றின. பி. யு. சின்னப்பா, எம். ஜி. இராமச்சந்திரன் முதலியோர் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தார்கள்.

இக்கம்பெனிகளில் நாடக ஆசிரியரை 'வாத்தியார்' என்பார்கள். காலையில் எழுந்ததும் சங்கீதம். பிறகு பாடம் ஒப்பித்தல். பின்னர் ஆட்டமும் கத்திச் சண்டையும். இரவு நாடகம் முடிய நள்ளிரவு கடந்துவிடும். பெண் வேடங்களைச் சிறுவர்களே தரித்தார்கள். மகரக்கட்டு உடையும் பருவம் வந்தால் ஸ்திரீபார்ட் போய்விடும். இராஜபார்ட்டுக்குக் குரல் இல்லையென்றால் சிறுவனுக்கு மூலையே கதி. உணவும் உடையும் கிடைக்கும். வீட்டுக்குப் போக எளிதில் விடை கிடையாது. பாடம் தவறினால் அடி தவறாது.

கணேசன் 1928-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் விழுப்புரத்தில் பிறந்தார். தந்தையார் சின்னையா மன்றாயர், இரயில்வேயில் பணியாற்றியவர். நாட்டு விடுதலைக் கிளர்ச்சியில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். தாயார் இராஜாமணி அம்மையார். குடும்பம் திருச்சியில் வாழ்ந்தபோது, கம்பளத்தார் நடத்திய கட்டபொம்மன் கூத்தைச் சிறுவன் கணேசன் கண்டான். நடிகனாக வேண்டும் என்ற ஆசை அன்று பிறந்ததாகப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழு அவ்வூருக்கு வந்தது. தனக்குத் தாய் தந்தையர் இல்லை என்று பொய் சொல்லி அச்சிறுவன் அதில் சேர்ந்துகொண்டான். வயது ஏழுதான் இருக்கும்.

ஏழு வயது என்றதும் எனக்கு இன்னொரு சிறுவனின் நினைவு வருகிறது. அவன் இலண்டன் மாநகரில் 1889-இல் பிறந்தவன். தாய் நோயுற்றதால் ஏழு வயதிலேயே ஏழைகளின் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டவன். பிறகு சிறுவர் ஆட்டக் குழு ஒன்றில் சேர்ந்து ஊர் ஊராகச் சுற்றியவன். பிரெட் கார்னோ என்பாரின் நகைச்சுவைக் குழுவில் தேர்ச்சி பெற்று அமெரிக்கா சென்றவன். 1914-இல் முதன்முதலாகத் திரையில் தோன்றியவன். அவன்தான் சார்லி சாப்ளின். தேம்ஸ் கரையிலும் காவிரிக் கரையிலும் வறுமை ஒன்றே. அவ்வறுமையிலிருந்து தப்பிக்க மேடை காட்டிய வழியும் ஏறத்தாழ ஒன்றே.

கணேசன் மேடையில் முதலில் ஏற்ற வேடம் இராமாயணத்தில் சீதை. பிறகு அதே நாடகத்தில் சூர்ப்பணகை, பரதன், இந்திரஜித்து என்று ஒவ்வொரு வேடமாக ஏறி வந்தார். இன்று சீதையாக அழுதவன் நாளை சீதையைக் கவர வழிவகுத்த சூர்ப்பணகையாக ஆட வேண்டும். ஒரே கதையை நான்கு பாத்திரங்களின் கண்கொண்டு காணும் வாய்ப்பு எந்தக் கல்லூரியில் கிடைக்கும்? அக்குழுவில் அவருக்கு மூத்தவராக இருந்தவர் எம். ஆர். இராதா. அவரைத் தமக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவராகக் கணேசன் என்றும் மதித்து வந்தார்.

நம் பக்கத்துத் தொழிலைக் கொண்டே இப்பயிற்சியை விளக்கலாம். முற்காலத்தில் தோலைப் பதனிட ஆவாரம்பட்டையைப் பயன்படுத்தினார்கள். பட்டை ஊறிய நீரில் தோல் வாரக்கணக்கில் கிடக்கும். ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றி மாற்றி, காரம் ஏற ஏற ஊற வைப்பார்கள். அவசரப்பட்டு எடுத்தால் மேற்புறம் பதமாக இருக்கும். உட்புறம் பச்சையாகவே நின்றுவிடும். குரோமிய முறை வந்தபின் அவ்வேலை சில நாள்களிலேயே முடிந்துவிடுகிறது. நடிப்புக் கலையில் அப்படிப்பட்ட குறுக்கு வழியைக் கண்டவர் இலர். கணேசன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அந்தத் தொட்டியில் ஊறியவர். பிற்காலத்தில் பக்கம் பக்கமான வசனத்தை ஒருமுறை கேட்டே ஒப்பிக்கும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது என்று உடன் பணியாற்றியோர் வியந்தார்கள். அது வரமாக வந்ததன்று, பழக்கத்தால் வந்தது.

ஆனால் இங்கே ஓர் ஆசிரியன் என்ற முறையில் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். பாய்ஸ் கம்பெனியைப் பல்கலைக்கழகம் என்று புகழ்ந்து பேசுவது நமக்குள் வழக்கமாகிவிட்டது. அப்பல்கலைக்கழகத்தில் தேறியவர்களின் பெயர்களை நாம் அறிவோம். தேறாதவர்களின் பெயர்களை யார் அறிவார்? குரல் உடைந்து, வேடம் இழந்து, எழுத்தறிவும் இன்றி, கைத்தொழிலும் இன்றித் தெருவில் நின்ற சிறுவர்கள் எத்தனை பேர்? ஆம்பூரில் பல ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். தந்தைக்கு உடல்நலம் இல்லை என்று பள்ளியை விட்டுத் தோல் வேலைக்குப் போன பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களுள் கெட்டிக்காரர்கள் பிழைத்துக்கொண்டார்கள். அதற்காக, பள்ளியை விட்டதே அவர்களுக்கு நன்மையாயிற்று என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். கணேசனின் உயர்வைப் போற்றுவோம். ஆனால் ஏழு வயதுச் சிறுவன் சோற்றுக்காகவும் கலைக்காகவும் பொய் சொல்லி வீட்டைத் துறக்க வேண்டியிருந்த நிலையைப் போற்ற வேண்டுவதில்லை.

வரலாற்றைத் தொடர்வோம். 1940-களின் நடுப்பகுதியில் அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' என்ற நாடகத்தை எழுதினார். மராட்டிய வீரர் சிவாஜியின் வேடம் இளைஞர் கணேசனுக்குக் கிடைத்தது. நாடகத்தைக் கண்ட தந்தை பெரியார் அவரைச் 'சிவாஜி' என்றே அழைத்துப் பாராட்டினார். மேடையில் ஒரு நாள் அணிந்த வேடம் வாழ்நாள் முழுவதும் பெயராக ஒட்டிக்கொண்டது. வி. சி. கணேசன், சிவாஜி கணேசன் ஆனார்.

ஆயினும் பெயர் வந்ததே தவிர வாழ்வு வரவில்லை. அவர் சக்தி நாடக சபாவில் நடித்து வந்தார். திரையில் அவர் முகம் தெரிவதற்கு முன்பே குரல் ஒலித்தது. 1951-இல் வெளிவந்த 'நிரபராதி' படத்தில் தெலுங்கு நடிகர் முக்காமலாவுக்கு அவர் தமிழ்க் குரல் கொடுத்தார். சக்தி நாடக சபா வேலூரில் முகாமிட்டு 'நூர்ஜஹான்' நாடகத்தை நடத்தியபோது, கணேசன் நூர்ஜஹானாகப் பெண் வேடம் தரித்தார். பார்வையாளருள் ஒருவராக அமர்ந்திருந்தார் பெருமாள் முதலியார். நேஷனல் பிக்சர்ஸ் என்ற பெயரில் படம் எடுக்க அவர் எண்ணியிருந்த காலம் அது.

பெண் வேடத்தில் நின்ற ஒருவரைக் கண்டு, 'இவர்தாம் நம் கதாநாயகர்' என்று முடிவு செய்ய எத்துணைத் துணிவு வேண்டும்! அக்காலக் கதாநாயகர்கள் பாடகர்கள், எம். கே. தியாகராஜ பாகவதரும் சின்னப்பாவும் பாடியே மக்களைக் கட்டிப்போட்டவர்கள். கணேசனோ திரையில் தம் சொந்தக் குரலில் பாடிப் புகழ் பெறக்கூடியவர் அல்லர். உடலும் மெலிந்திருந்தது. பெருமாள் முதலியார் கண்டது வேறு. உணர்ச்சிக்குத் தக்கபடி வளையும் முகத்தையும், சொல்லுக்குச் சொல் உயிர் கொடுக்கும் பேச்சையும் அவர் கண்டார்.

பாவலர் பாலசுந்தரம் எழுதிய 'பராசக்தி' நாடகம் படமாக்கப்பட்டது. திரைக்கதை வசனம் மு. கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன் - பஞ்சு. ஏ. வி. எம். நிறுவனத்துடன் கூட்டாகப் படம் தயாராயிற்று. கணேசனுக்கு மாதச் சம்பளம் 250 ரூபாய். படப்பிடிப்பில் அவர் பேசிய முதல் சொல் 'சக்சஸ்' என்பது. அந்த இடத்தில் பின்னாளில் நினைவுச் சின்னமே எழுப்பினார்கள். ஆனால் அந்த முதல் நாள்களில் வெற்றி அண்மையில் இருப்பதாக எவருக்கும் தோன்றவில்லை. படம் சில ஆயிரம் அடி வளர்ந்த நிலையில், இந்த இளைஞர் கதாநாயகருக்குப் பொருந்தவில்லை என்ற கருத்து மெய்யப்பச் செட்டியாருக்கு எழுந்தது. வேறு புகழ்பெற்ற நடிகரை அமர்த்தலாம் என்ற பேச்சும் வந்தது. செட்டியார் அனுபவமிக்கவர்; பணம் போட்டவர்; அவர் ஐயத்தில் தவறு காண முடியாது. ஆயினும் பெருமாள் முதலியார் இசையவில்லை. கணேசனே நடிக்க வேண்டும் என்று உறுதியாக நின்றார். பொறுமையோடு காத்திருந்து, கணேசன் உடல் தேறியபின் சில காட்சிகளை மீண்டும் எடுத்தார்கள்.

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 17, தீபாவளி நாளில் 'பராசக்தி' வெளிவந்தது. உலகப் போரின்போது இரங்கூனிலிருந்து தாயகம் திரும்பும் இளைஞன், கைம்பெண்ணாகிக் கைக்குழந்தையோடு வீதியில் நிற்கும் தன் தங்கையைத் தேடி அலையும் கதை அது. நீதிமன்றத்தில் குணசேகரன் பேசும் நெடும்பேச்சு ஊரெங்கும் ஒலித்தது. சிறுவர்கள் அதனை மனனம் செய்து திண்ணையில் நின்று பேசினார்கள். படத்தைத் தடை செய்ய வேண்டும் என்ற குரலும் எழுந்தது. படம் வெள்ளி விழாவும் கண்டது. பாட்டால் வாழ்ந்த தமிழ்ப் படம், பேச்சால் வாழத் தொடங்கிய திருப்பம் அது. அத்திருப்பத்துக்குச் சொல் தந்தவர் ஒருவர். குரல் தந்தவர் ஒருவர். வாய்ப்புத் தந்தவர் ஒருவர்.

சிவாஜி கணேசன் மிகையாக நடிப்பவர் என்று சிலர் குறை கூறுவதுண்டு. மாணவர்களாகிய நீங்களும் இதனைக் கேட்டிருப்பீர்கள். எந்தக் கலையையும் அது பிறந்த இடத்தோடு சேர்த்துக் காண வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கீற்றுக் கொட்டகையில், விளக்கின் மங்கிய ஒளியில், தரையில் அமர்ந்திருக்கும் கடைசி வரிசைக் கூலித் தொழிலாளியின் காதுக்கும் கண்ணுக்கும் எட்ட வேண்டும் என்று வளர்ந்த நடிப்பு அது. புருவம் உயர்ந்தால் அது கடைசி வரிசைக்குத் தெரிய வேண்டும். பெருமூச்சும் கேட்க வேண்டும். காலணா கொடுத்தவனுக்கும் முழு நாடகம் கிடைக்க வேண்டும் என்னும் நேர்மை அதில் இருந்தது. கேமரா அருகில் வந்தபின்னும் அவர் சில படங்களில் அந்தக் கடைசி வரிசைக்காரனையே நினைத்து நடித்தார் என்பது உண்மைதான். ஆனால் அடக்கம் அவருக்குத் தெரியாதென்று சொல்வது பொருந்தாது. பாட்டே இல்லாமல் 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தையும், 1985-இல் வந்த 'முதல் மரியாதை' படத்தையும் பார்த்தவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள்.

திரையில் புகழ் வந்தபின்னும் அவர் மேடையை விட்டுவிடவில்லை என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். சிவாஜி நாடக மன்றத்தை அமைத்து, சக்தி கிருஷ்ணசாமி எழுதிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நாடகத்தை 1957-இல் சேலத்தில் அரங்கேற்றினார். திருச்சித் தெருவில் கூத்துக் கண்ட சிறுவன் தானே கட்டபொம்மனாக நின்றான். அந்நாடகம் 1959-இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வண்ணப் படமாயிற்று. 1960-இல் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 1799-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில், 1970-இல் அவ்வீரனுக்குச் சிலையும் அமைத்தார். 'வியட்நாம் வீடு' போன்ற கதைகளும் முதலில் மேடையில் ஆடப்பட்டுப் பிறகே படமாயின.

அவர் நடித்த படங்கள் 280-க்கு மேற்பட்டவை. அனைத்தையும் எண்ணிக்கொண்டிருக்க நேரம் போதாது. பம்மல் சம்பந்த முதலியாரின் புகழ்பெற்ற நாடகமாகிய 'மனோகரா'வில் 1954-இல் இளவரசன், 1961-இல் 'பாசமல'ரில் தங்கைக்காக உயிர் விடும் அண்ணன், அதே ஆண்டில் 'கப்பலோட்டிய தமிழ'னில் செக்கிழுத்த சிதம்பரனார், 1964-இல் 'கர்ணன்', அவ்வாண்டே அவருடைய நூறாவது படமாகிய 'நவராத்திரி'யில் ஒன்பது வேடங்கள், 1968-இல் 'தில்லானா மோகனாம்பா'ளில் நாகசுரக் கலைஞர். நாகசுரத்தை ஊதியவர்கள் வேறு. ஆனால் கன்னமும் விரலும் கண்ணும் இசைக்கு இசைந்து நின்றதைக் கண்டு, நாகசுரம் அறிந்தவர்களே வியந்தார்கள். 1962-இல் அமெரிக்க அரசின் அழைப்பில் அந்நாடு சென்றபோது, நயாகரா நகரம் அவரை ஒரு நாள் மேயராக்கி மதித்தது.

1966-இல் பத்மஸ்ரீ, 1984-இல் பத்மபூஷண், 1995-இல் பிரெஞ்சு அரசின் செவாலியே, 1996-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது ஆகியவை அவரை வந்தடைந்தன. அரசியலில் அவருக்கு அத்தகைய வெற்றி வாய்க்கவில்லை. 1989 தேர்தலில் திருவையாற்றில் தோல்வியுற்றார். எல்லா மேடையும் ஒரே மேடையன்று என்பதை அது காட்டிற்று. 2001-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் சென்னையில் காலமானார்.

பெருமாள் முதலியாரைப் பற்றி இன்னும் ஒரு சொல். அவர் 1954-இல் 'இரத்தக் கண்ணீர்' படத்தையும் எடுத்தார். திரையை விட்டு விலகி மேடையே கதியென்று இருந்த எம். ஆர். இராதா, அப்படத்தால் திரையில் மீண்டும் பெரும்புகழ் பெற்றார். பழைய கம்பெனியின் மூத்தவரும் இளையவரும் ஆகிய இருவருக்கும் கதவைத் திறந்தவர் ஒரே வேலூர்க்காரர். இதனைச் சிவாஜி மறக்கவில்லை. பொங்கல் திருநாள்தோறும் வேலூருக்கு வந்து, பெருமாள் முதலியார் வீட்டாருக்குப் புத்தாடை அளித்து, வணங்கிச் செல்வதை அவர் வழக்கமாகக் கொண்டிருந்தார். நன்றி என்பதைப் பாடநூலில் படிக்கிறோம்; ஆண்டுதோறும் தவறாமல் செய்து காட்டுவது அரிது.

மாணவ நேயர்களே! இவ்வரலாற்றில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. ஊறாமல் பதம் வராது என்பது ஒன்று. பதமான பொருளும், அதனைக் கண்டறிந்து உறுதியாக நிற்பவர் இல்லாவிட்டால் மூலையிலேயே கிடக்கும் என்பது மற்றொன்று. முன்னது உங்கள் கடமை. பின்னது எம்மைப் போன்ற பெரியவர்களின் கடமை.

காமராசர் 1956-இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தை நிறுவினார். அத்திட்டத்துக்குச் சிவாஜி கணேசனும் நன்கொடை அளித்தார். ஏழு வயதில் பள்ளியை விட்டு நாடகக் கொட்டகைக்குப் போனவர், மேடையில் சம்பாதித்ததிலிருந்து, இன்னொரு சிறுவன் பள்ளியிலேயே இருந்து உண்ணும்படி செய்தார். அவர் ஏற்ற வேடங்களை எல்லாம் விட எனக்கு அச்செயல் பெரிதாகப் படுகிறது. கலையும் கற்போம், கல்வியும் விடமாட்டோம் என்று சொல்லும் நிலை அவருக்கு வாய்க்கவில்லை, உங்களுக்கு வாய்த்திருக்கிறது. அதனைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.